மூன்று அங்குல வீடு

சுவர் நகர்ந்தது. பதினெட்டு வருஷம் நான்கு மாதத்தில் பதினோரு அடி நகர்ந்தது. நாளொன்றுக்கு அரை மில்லிமீட்டர். நகம் வெட்டினால் விழுகிற துணுக்கின் தடிமன் என்று வைத்துக்கொள்ளலாம். மழை நாளிலும் அதே அளவு, வெயில் நாளிலும் அதே அளவு. தெருவில் இதை யாரும் அதிசயமாகச் சொல்வதில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு வழி சொல்லும்போது, "சுவர் நடக்குற வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி" என்று அடையாளம் சொல்வதோடு சரி.

அது முதலில் ஒரே வீடாக இருந்தது. அண்ணனும் தம்பியும் அதில் இருந்தார்கள். இருவருக்கும் வாய்த்த மனைவிகளும் உடன்பிறந்த அக்கா தங்கை. அண்ணனுக்கு ரொட்டிக் கடையில் அடுப்பு வேலை. விடியுமுன் போய் நின்றால் மதியம் வரை உட்கார முடியாது. தம்பிக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்க்கும் வேலை. அங்கே ஒரு மயிரிழை கூடினாலும் வாங்குகிறவருக்குத் தலைவலி. தெரு அவர்களை ரொட்டிக்காரர், கண்ணாடிக்காரர் என்றே அழைத்தது. ஓர் ஏணியை யார் எங்கே கொண்டுபோய் வைத்தது என்று ஆரம்பித்த பேச்சு, அப்பா செத்த அன்று யார் முதலில் வந்தது என்பதில் போய் முடிந்தது. அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. கொத்தனார் வந்து வீட்டின் நடுவில் நூல் பிடித்து, சுவர் போக ஆளுக்குப் பதினோரு அடி என்று ஒரு கல் தடிமனில் சுவர் எழுப்பினார். அன்று தங்கைக்கு எட்டு மாதம். சுவர் தோளுயரம் வந்தபோது அக்கா மேலாக ஒரு தலையணையை எட்டிக் கொடுத்து, "இடுப்புக்கு வெச்சுக்கடி" என்றாள். தலைக்கு மேல் போன பிறகு கொடுக்க வழியில்லை.

ரொட்டிக்காரருக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டது. பன்னிரண்டே முக்காலுக்கு வீட்டுக்கு வருவார், கைகால் கழுவுவார், தரையில் உட்கார்ந்து சாப்பிடுவார், மணி சரியாக ஒன்று பத்து ஆனதும் பின்பக்கமாக நகர்ந்து புதுச் சுவரில் முதுகைச் சாய்த்துக் கால் நீட்டுவார். அடுப்பு முன்னால் வெந்த முதுகுக்குச் சுவர் குளிர்ச்சியாக இருந்தது. பன்னிரண்டு நிமிஷம் அப்படி இருந்துவிட்டு எழுந்துவிடுவார். தூங்க மாட்டார், எதையும் யோசிக்கவும் மாட்டார். "இதுல சாஞ்சாத்தான் எனக்குப் பாதி நாள் முடிஞ்சுதுன்னு தெரியுது" என்று மனைவியிடம் ஒருமுறை சொன்னார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள், தம்பி உட்பட.

நாற்பதாவது நாள் கண்ணாடிக்காரர் கண்டுபிடித்தார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விட்டிருந்த ஒரு விரல் இடைவெளியில் விளக்குமாறு நுழையவில்லை. வேறு ஆளாக இருந்தால் விளக்குமாற்றைத் திட்டியிருப்பார். இவர் தரையில் ஓர் ஆணி அடித்து, ஆணிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கடையில் கண்ணாடியின் தடிமன் பார்க்கும் கருவியால் ஒரு வாரம் அளந்தார். கடை விடுமுறை நாளில் வீட்டிலேயே இருந்து கவனித்தபோது காரணமும் தெரிந்தது. ஒரு மணி பத்து நிமிஷத்துக்குச் சுவரில் ஓரிடம் மெல்லச் சூடாயிற்று. தொட்டுப் பார்த்தால் அது ஒரு முதுகின் வடிவம். வலது தோள் சற்றுத் தாழ்ந்திருந்தது. தட்டுத் தட்டாக ரொட்டி சுமந்து தாழ்ந்த அந்தத் தோளை அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

மடியில் ஒரு மாதக் குழந்தையோடு இருந்த தங்கை, "அத்தான்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன்" என்றாள்.

"நான் போய்க் கேக்கணுமா? நகத்தளவு இடத்துக்கு? கொஞ்சம் ஒதுங்கிக்கலாம், ஒண்ணும் ஆகாது."

கட்டிலை ஒரு விரல் நகர்த்தினார். அன்றைக்கே உட்கார்ந்து கணக்குப் போட்டு, ஆறாயிரத்து எழுநூற்றைந்தாவது நாளில் சுவர் அந்தக் கோடியில் உள்ள வெளிச்சுவரைத் தொடும் என்று கண்டார். ஓர் அட்டையில் கட்டம் கட்டி எழுதி மாட்டினார். நான்காம் வருஷம் பெரிய அலமாரி போக வேண்டும். ஏழாம் வருஷம் கட்டிலுக்குப் பதில் பெஞ்சு. பன்னிரண்டாம் வருஷம் பெஞ்சும் போய்ச் சுவரில் கொக்கிகள். பதினைந்தில் இரண்டு அடி மீதி, பக்கவாட்டில் நடக்கப் பழக வேண்டும். பதினெட்டாம் வருஷத்துக்கு நேரே எதுவும் எழுதவில்லை. தங்கை கேட்டதற்கு, "அப்போ பாத்துக்கலாம்" என்றார். நேர்த்தியான வேலைக்காரர்தான், ஒரு வார்த்தையில் முடிகிற காரியத்துக்குப் பதினெட்டு வருஷத் திட்டம் போட்டார் என்று தெருவில் இன்றும் சொல்கிறார்கள்.

திட்டப்படியே எல்லாம் நடந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாமான்கள் ஒரு நூல் நகர்ந்தன. ஆட்களும் வீட்டுக்குத் தகுந்தபடி ஆனார்கள். முதலில் முழங்கைகள் உடம்போடு ஒட்டின. பிறகு உடம்பு தட்டையாகத் தொடங்கியது. வலியில்லை, பசி குறையவில்லை, துணிகள் மட்டும் மடித்து வைத்த மாதிரியே உடம்பில் நின்றன. மகள் பிறந்ததே சுவரின் முதல் மாதத்தில் என்பதால் அவளுக்கு இதெல்லாம் சாதாரணம். பள்ளிக்கூடத்தில் ஐந்து பேர் உட்காரும் பெஞ்சில் ஆறாவதாக அவளைச் சேர்த்துக்கொள்வார்கள். வீடு வரையச் சொன்னால் ஒரே ஒரு கோடு கிழித்து, உச்சியில் புகை வரைந்து கொடுப்பாள். தபால்காரர் அவர்கள் வீட்டு வாசலில் கடிதத்தை நீட்டிக்கொண்டு, "எங்க இருக்கீங்க, கொஞ்சம் இப்படித் திரும்புங்க" என்பார். முன்பக்கம் திரும்பினால் முழு ஆள் தெரிவார், பக்கவாட்டில் நின்றால் கதவிடுக்கு என்றே தோன்றும். பதின்மூன்றாம் வருஷத்திலிருந்து தச்சர் வருஷத்துக்கொரு முறை வந்து கதவில் ஏழு அங்குலம் அறுத்துக்கொண்டு போனார். அந்தப் பலகைத் துண்டுகளில் அவர் மூன்று முக்காலி செய்துவிட்டார் என்பது தனிக் கதை.

நகராட்சியிலிருந்து ஒருவர் நாடாவோடு வந்தார். யார் மனுப் போட்டது என்று தெரியவில்லை. இரு பக்கமும் அளந்து, வரைபடத்தை விரித்துப் பார்த்து, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அவர் பொய் சொல்லவில்லை. அலுவலகப் பெட்டியில் இருந்த வரைபடத்திலும் கோடு நகர்ந்திருந்தது.

நிற்க. அண்ணன் வீட்டில் இது தெரியாமல் இல்லை. ரொட்டிக்காரருக்குத் தெரியாது, இடம் கூடுவது யார் கண்ணுக்கும் சட்டென்று படாது. ஆனால் அக்கா தினமும் கூட்டுகிறவள். சுவர் எழும்பிய மாதத்தில் வாசலிலிருந்து சுவர் வரை விளக்குமாறு இருபத்திரண்டு தடவை போனது. மூன்றாம் வருஷம் இருபத்தைந்து தடவை. அன்று மாலையே கணவரிடம் சொன்னாள்.

"சுவர் நகருதுங்க."

"ரொட்டி உப்பும், சுவர் உப்புமா? போய் வேலையைப் பாரு."

அவள் வேலையைப் பார்த்தாள். நான்காம் வருஷம் ஒரு வட்ட மேசை வாங்கினாள். ஆறாம் வருஷம் ஒரு சோபா. எட்டில் கண்ணாடி அலமாரி, அதில் வைக்கப் பொம்மைகள். பதினொன்றில் இன்னொரு சோபா. அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர், குழந்தை இல்லை. இடம் சும்மா கிடந்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்கும். சாமானைப் போட்டுவிட்டால் கேட்காது. தெருக் குழாயில் தங்கையைப் பார்க்கும்போது, "நல்லா இருக்கியாடி" என்பாள். "பரவாயில்லக்கா" என்று பதில் வரும். பதினெட்டு வருஷமும் இந்த இரண்டு வாக்கியம்தான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஒவ்வொரு முறையும் தங்கையின் குடம் கொஞ்சம் ஒடுங்கியிருக்கும். அக்கா குடத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்ப்பாள்.

சத்தம்தான் அவளை விடவில்லை. முதல் சில வருஷம் தங்கையின் இருமல் பக்கத்து அறையிலிருந்து வருவது போலக் கேட்டது. பிறகு மூடிய அலமாரிக்குள்ளிருந்து. பிறகு சுவருக்கு உள்ளேயிருந்தே, யாரோ தாளின் மேல் விரலை இழுப்பது போல. பதினாறாம் வருஷத்திலிருந்து அக்கா ரேடியோவை அணைப்பதில்லை. ரேடியோவில் யாரும் பேசாத இரண்டு நொடிகளில் அந்தப் பக்கம் மூன்று பேர் மூச்சு விடுவது கேட்கும். ஒருவர் இழுத்தால் மற்ற இருவர் விடுவார்கள். மூன்று பேரும் ஒரே சமயத்தில் மூச்சை இழுக்க அங்கே இடம் இல்லை.

சுவருக்குப் பதினெட்டு வயது நிறையச் சில நாட்கள் இருந்தபோது, ஒரு மதியம் தம்பி மகள் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அந்த வீட்டிலிருந்து ஒருவர் இந்த வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல் தடவை. அவள் அப்போது ஓர் அலுவலகத்தின் பழைய கோப்பு அறையில் வேலை செய்தாள். அங்கே அடுக்குகளுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளிதான். வேறு யாரும் போக முடியாத இடத்துக்கு அவள் போய்வருவாள் என்பதால் நேர்முகத்தில் ஒரு கேள்விகூடக் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள். ரொட்டிக்காரர் சாப்பிட்டு முடித்துச் சுவரில் சாய்ந்திருந்தார். வாசலில் ஒரு கோடு தெரிந்தது. கோடு திரும்பியதும் பெண் ஆனது.

"யாரது?"

"பக்கத்து வீடு பெரியப்பா."

"அடேங்கப்பா! பதினெட்டு வருஷமா பக்கத்துல இருந்துட்டு இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதா?"

"தெரியும். கதவுலேருந்து வெளிய வர இப்பல்லாம் நேரமாகுது. அதைச் சொல்லத்தான் வந்தேன்." அவள் சுவரைப் பார்த்தாள். "முதல்ல கொஞ்சம் நிமிந்து உக்காருங்க பெரியப்பா. உங்க முதுகுக்குச் சரியா அந்தப் பக்கம் அம்மா நின்னுட்டு இருக்காங்க."

ரொட்டிக்காரர் சூடு பட்டவர் போல நிமிர்ந்தார். அவள் கையோடு கொண்டுவந்திருந்த ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தாள். கண்ணாடிக்காரரின் கையெழுத்தில் நாள்வாரியாக எல்லாம் இருந்தது. ரொட்டிக்காரர் படிக்கப் படிக்க அவர் உதடுகள் எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தன. அக்கா தண்ணீர் கொண்டுவந்தாள், வழியில் சிந்திப் பாதிதான் வந்து சேர்ந்தது. அந்தப் பெண் முதல் தடவையாக அந்த அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"ரெண்டாவது சோபா யாருக்குப் பெரியம்மா?"

அக்கா சிந்திய தண்ணீரை முந்தானையால் துடைத்தாள்.

"இன்னும் மூணு அங்குலம் இருக்கு. நூத்தம்பத்திரண்டு நாள்" என்றாள் அந்தப் பெண். "அப்பாவுக்கு நான் வந்தது தெரியாது."

"நான் சும்மாதாம்மா சாஞ்சேன்" என்றார் ரொட்டிக்காரர். "சத்தியமா சும்மாதான்."

"தெரியும் பெரியப்பா. நாங்களும் சும்மாதான் ஒதுங்குனோம்."

அன்றிலிருந்து ரொட்டிக்காரர் சாய்வதில்லை என்று முடிவெடுத்தார். மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டார். கண் திறந்தபோது சுவரடியில் இருந்தார், எப்போது இறங்கி வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. அக்கா அந்த இடத்தில் கண்ணாடி அலமாரியை நிறுத்தினாள். அவர் அலமாரியில் சாய்ந்தார், பொம்மைகள் விழுந்தன. மூன்றாம் நாள் வீட்டுக்கே வராமல் கடையில் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து சாப்பிட்டார். அன்று ஒரு மணி பத்து நிமிஷத்துக்கு அக்கா சுவருக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். யாரும் சாயாத சுவரில் ஒரு முதுகின் பள்ளம் மெல்ல விழுந்தது, பன்னிரண்டு நிமிஷம் இருந்தது, எழுந்தது. சுவர் அரை மில்லிமீட்டர் நகர்ந்தது. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தபோது, ஒன்பதாம் வருஷம் ரொட்டிக்காரர் காய்ச்சலில் மருத்துவமனையில் கிடந்த மூன்று நாளிலும் சுவர் தவறவில்லை என்று எழுதியிருந்தது. பழக்கம் எப்போதோ அவரை விட்டுச் சுவருக்குப் போய்விட்டது. அவர்தான் விடாமல் கூடவே உட்கார்ந்திருந்தார்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ரொட்டிக்காரர் தம்பி வீட்டு வாசலுக்குப் போனார். கதவு இருந்தது, நிறுத்தி வைத்த ஓர் அளவுகோல் போல இருந்தது. அதைத் திறந்து இருட்டைப் பார்த்து, பதினெட்டு வருஷத்தில் முதல் வார்த்தையைச் சொன்னார்.

"டேய், வெளிய வாடா."

உள்ளேயிருந்து, "பரவாயில்ல" என்று வந்தது.

"என்னடா பரவாயில்ல? ஆள் நசுங்கிச் சாகப்போறீங்க. எல்லாரும் வாங்க, அங்கே அவ்வளவு இடம் கெடக்கு."

"வெளிய வந்தா நீ தள்ளிவிட்டதா ஆயிடும். உள்ளேயே இருந்தா நாங்க ஒதுங்கி இருக்கோம், அவ்வளவுதான். இதுல உனக்கு ஒண்ணும் பழி இல்ல."

"சரி, அந்தப் பக்கத்திலேருந்தாவது திருப்பித் தள்ளுங்கடா!"

"எங்களுக்கு யாரையும் தள்ளிப் பழக்கமில்ல."

குரலில் கோபம் இல்லாததுதான் ரொட்டிக்காரரைப் பயமுறுத்தியது என்று பிறகு சொன்னார். தானே உள்ளே போய் எதிர்ப்பக்கமிருந்து சாயலாம் என்று நுழையப் பார்த்தார். தோள் வரை ஒரு கை மட்டும் உள்ளே போனது. அந்தக் கையில் யாரோ ஒரு தட்டையான தம்ளரை வைத்தார்கள். வெளியே எடுத்துப் பார்த்தார், தண்ணீர். வாசலில் நின்றபடியே அதைக் குடித்துவிட்டுத் தம்ளரைத் திரும்ப உள்ளே நீட்டினார். வாங்கிக்கொண்டார்கள்.

நாட்கள் குறைந்தன. எழுபது இருக்கும்போது அக்கா அந்தப் பெண்ணை அலுவலக வாசலிலேயே மறித்து, "நீயாவது என்கூட இருடி, கேக்குறேன்ல" என்று வீட்டுக்கு அழைத்துவந்தாள். நான்கு நாள் இருந்தாள். பெரிய அறையின் நடுவில் மெத்தை போட்டுக் கொடுத்தார்கள். காலையில் பார்த்தால் அவள் கதவுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கில் நின்றபடி தூங்கிக்கொண்டிருப்பாள். "நாலு பக்கமும் யாரோ எடுத்துட்டுப் போயிட்ட மாதிரி இருக்கு பெரியம்மா. கையை எங்க வெக்கிறதுன்னே தெரியல" என்றாள். அக்காவுக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை.

ரொட்டிக்காரர் அந்த நாட்களில் மதியம் தெருப்பக்கத்துச் சுவரில் சாயப் பழகிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் விடுப்பு எடுத்துக்கொண்டு, எதிரே நின்று அவர் செய்வதையே பார்த்தாள். அவளுக்குச் சுவர் என்றால் விலக வேண்டிய ஒன்று. அதில் முதுகை வைப்பதை அவள் வெளியாட்கள் செய்து பார்த்திருக்கிறாளே தவிர, அவள் வீட்டில் யாரும் செய்ததில்லை.

"இதை எப்படிப் பண்றது பெரியப்பா? அழுத்தணுமா?"

"அழுத்தக் கூடாது. முதுகை வெச்சுட்டு மூச்சை விடணும். பாரத்தை அது வாங்கிக்கும்."

முதல் நாள் அவள் முதுகு சுவரைத் தொட்டதும் தானாக விலகியது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் பத்து எண்ணும் வரை சாய்ந்திருந்தாள். நான்காம் நாள் பன்னிரண்டு நிமிஷம் இருந்தாள். எழுந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது, ஏதோ செய்யத் தகாததைச் செய்துவிட்டவள் மாதிரி. மறுநாள் காலை அவள் இடுக்கில் இல்லை. மடித்த போர்வை மட்டும் சோபா மேல் இருந்தது. அவள் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். அதன் பிறகு அலுவலகத்துக்கும் வரவில்லை.

கடைசி நாள் வேலை நாள்தான். ஆனாலும் ஒரு மணிக்குத் தெரு கூடிவிட்டது. தச்சர் வழக்கப்படி ரம்பத்தோடு வந்து, அறுக்க ஒன்றுமில்லை என்று கண்டு, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஓரமாக நின்றார். வாசல் என்று இருந்தது இப்போது ஒரு கறுப்புக் கோடு. அதில் தங்கையின் ஒரு கண் தெரிந்தது.

"வாடி வெளிய" என்றாள் அக்கா. "தப்பு என்மேலதான்டி. மூணாவது வருஷமே தெரியும் எனக்கு. சோபா வாங்குனேன்டி நான்."

"பரவாயில்லக்கா."

"பரவாயில்லைன்னு சொல்லாத! வேற ஏதாவது சொல்லு. திட்டு!"

கண் இமைத்தது. என்ன சொல்வது என்று தேடியது போல இருந்தது. அதற்குள் ஒரு மணி இருபத்திரண்டு ஆகிவிட்டது. புத்தகத்தை மூடுவது போல ஒரு சத்தம் கேட்டது. கோடு இருந்த இடத்தில் சுண்ணாம்பு மட்டும் இருந்தது. ரொட்டிக்காரர் தெருவிலேயே உட்கார்ந்தார். மற்றவர்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள். யாரும் அழவில்லை, யாரும் செத்ததாகச் சொல்ல முடியாதே.

அன்று அக்கா ரேடியோவை அணைத்தாள். மூன்று நாள் ஒரு சத்தமும் இல்லை. நான்காம் நாள் மதியம் தரையைக் கூட்டிக்கொண்டே போனவள், சுவர்கள் சேர்ந்த அந்தக் கோடியில் கை வைத்தாள். சூடாக இருந்தது. ஒரு முதுகின் வடிவம். பக்கத்தில் இன்னொன்று, சற்றுக் குட்டையாக. அதற்குப் பக்கத்தில் மூன்றாவது, நேராக, ஒல்லியாக. பன்னிரண்டு நிமிஷம் அல்ல, மாலை வரை சூடு இருந்தது. மறுநாளே தெருப்பக்கம் சுண்ணாம்பில் மயிரிழை போல ஒரு விரிசல் விட்டது. அந்த மாதக் கடைசியில் தபால்காரர் அதில் ஓர் அஞ்சலட்டையைச் செருகிப் பார்த்தார்; உள்ளே இழுத்துக்கொண்டார்கள். மூன்று பேர் சாய்வதால் நாளுக்கு ஒன்றரை மில்லிமீட்டர். மூன்றரை மாதத்தில் விளக்குமாறு ஒரு தடவை குறைந்தது. நகராட்சி வரைபடத்தில் இப்போது கோடு எங்கே இருக்கிறது என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை.

உள்ளே நடந்ததைத் தங்கைதான் பிறகு சொன்னாள், இடுக்கு வழியாக. சுவர் மூடிய பின்பும் கண்ணாடிக்காரர் ஒத்துக்கொள்ளவில்லையாம். தள்ளுகிற வேலை நமக்கு வேண்டாம் என்றாராம். "தள்ள வேண்டாம்ப்பா, சாஞ்சா போதும்" என்று மகள் முதுகை வைத்துக் காட்டினாளாம். மூன்று நாள் அவர் மறுத்திருக்கிறார். நான்காம் நாள், நிற்க முடியாமல்தான் சாய்ந்தார், வேண்டுமென்று அல்ல என்று இன்றும் சொல்கிறார். ரொட்டிக்காரர் மதியச் சாப்பாட்டைக் கடையோடு முடித்துக்கொள்கிறார். இரண்டாவது சோபா கடை வாசலில் கிடக்கிறது, ரொட்டிக்குக் காத்திருப்பவர்கள் உட்காருகிறார்கள். கண்ணாடி அலமாரியும் போயிற்று. கோப்பு அறையில் அந்தப் பெண்ணைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். போன வாரம் ஓர் அடுக்கில் சிக்கிக்கொண்டாள், இழுத்து எடுக்க வேண்டியிருந்தது என்று மேலாளர் வருத்தப்பட்டார். சுவர் பழைய இடத்தில் நிற்குமா, தாண்டி வருமா என்று தெருவில் சிலர் கேட்பதுண்டு. சாய்கிறவர்களுக்கு அது தெரியாது, சுவருக்குத் தெரியுமா என்பதும் தெரியாது.

அக்கா மதியம் வேலை முடிந்ததும் சுவரோரம் போய்த் தரையில் உட்காருகிறாள். அந்தப் பக்கம் தங்கை சாய்ந்திருக்கிறாள். பேச்சு பெரிதாக ஒன்றும் இல்லை. இன்றைக்குக் குழாயில் தண்ணீர் வந்ததா, அந்தப் பச்சைப் புடவை சாயம் போயிற்றா, உன் வீட்டுக்காரர் இன்னும் குறட்டை விடுகிறாரா. தங்கை இப்போதெல்லாம் சில நாள் திட்டுகிறாள், நன்றாகவே திட்டுகிறாள். அக்கா கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் அறுபது ஆகப்போகிறது, முதுகில் வலி உண்டு. ஆனால் சுவருக்கும் தனக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டுத்தான் உட்காருகிறாள். வலி அதிகமானால் முன்பக்கமாகக் குனிந்துகொள்கிறாள்.